லூமன் கூடினால் கடல் தெரியாது

தூத்துக்குடியில் இரவுக் கடலைப் படம்பிடிக்கக் கிளம்பும் இளைஞர்களிடம் இன்று முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "விளக்கு எத்தனை லூமன்?" ஆயிரம் வைத்திருப்பவருக்கு மூவாயிரத்தின் மேல் கண். மூவாயிரம் வாங்கியவர் பத்தாயிரத்துக்குப் பணம் சேர்க்கிறார். கையடக்கமான நீர்புகா எல்.இ.டி. விளக்கு ஒன்று இருந்துவிட்டால் படம் பளிச்சென்று வரும், பயணம் பத்திரமாக முடியும், அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்ற எண்ணம் யாரும் கேள்வி கேட்காத அளவுக்கு ஊன்றிவிட்டது. விற்பவர் சொல்கிறார், வாங்கியவர் திருப்பிச் சொல்கிறார், பார்ப்பவர் நம்புகிறார்.

இந்த மூன்றுமே தவறு. படத்தைக் கெடுப்பதும், படகோட்டியின் பார்வையைப் பறிப்பதும், கடலுக்கடியில் உறங்கும் உயிரைத் துரத்துவதும் ஒரே விளக்குதான். தேவைக்கு மீறிய வெளிச்சத்தோடு, கேமராவின் தலையிலேயே மாட்டப்பட்டு, படகு ஏறியது முதல் இறங்கும்வரை அணையாமல் எரிகிற விளக்கு.

இந்தப் படங்களைக் குறைவாக எண்ணி இதை எழுதவில்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையைப் பற்றி எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் வெளியார்: வந்துபோன வணிகர், பாதிரியார், வெள்ளைக்கார அதிகாரி. மூச்சை அடக்கிக் கீழே போனவன் என்ன கண்டான் என்று அவன் வாயால் சொன்ன பதிவு மிகக் குறைவு. இன்று 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் அலைவரிசைகளில் கடல்தொழில் செய்பவரே கேமரா பிடித்துத் தன் கடலைத் தன் பேச்சில் காட்டுகிறார். லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். இந்தக் கரையின் வரலாற்றில் இது பெரிய மாற்றம். அவர்களைப் பார்த்து இரவுக் கடலுக்குக் கேமராவோடு கிளம்பும் தலைமுறை ஒன்று உருவாகியிருக்கிறது. அதனால்தான் அந்தத் தலைமுறைக்குத் தவறான பாடம் போய்ச் சேரக்கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் படத்தை எடுத்துக்கொள்வோம், அதிகம் ஏமாற்றுவது அங்கேதான். கடல்நீர் கண்ணாடி கிடையாது. மன்னார் வளைகுடாவின் நீர் அலையும் காற்றும் கிளப்பிவிட்ட மணலும், நுண்ணுயிர்களும், பாசித் துணுக்குகளும் மிதக்கும் நீர். கச்சான் காற்று ஓங்கி வீசும் மாதங்களில் கலங்கல் இன்னும் கூடும். பழைய முத்துக்குளிப்புகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் அடங்கிக் கிடக்கும்போது நடந்ததற்கு நீரின் தெளிவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட நீரில் கேமராவுக்குப் பக்கத்தில் விளக்கைக் கட்டி ஏற்றினால் என்ன ஆகும்? லென்ஸிலிருந்து 20 சென்டிமீட்டரில் மிதக்கும் மணல் துணுக்கையும் 2 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மீனையும் எண்ணிப் பாருங்கள். தூரம் பத்து மடங்கு. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், மீன்மேல் விழுவதைப்போல் நூறு மடங்கு ஒளி அந்தத் துணுக்கின்மேல் விழுகிறது. அது நேராக லென்ஸுக்குள்ளேயே திரும்பி வருகிறது. திரையில் வெள்ளை வெள்ளையாகப் பனி பெய்கிறது, பின்னால் மங்கலாக ஒரு மீன். பனிமூட்டம் இறங்கிய கொடைக்கானல் சாலையில் ஹை பீம் போட்டவருக்கு நடப்பது இதுதான். விளக்கின் சக்தியைக் கூட்டக் கூட்ட மூட்டம்தான் பிரகாசமாகும்.

"அதனால்தான் இன்னும் சக்தியான விளக்கு வாங்குகிறோம்" என்பார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் பொருளுக்கு அதே வெளிச்சம் கொடுக்க, சுத்தமான காற்றிலேயே நான்கு மடங்கு ஒளி வேண்டும். நீரோ ஒளியைப் போகும் வழியிலும் வரும் வழியிலும் குடிக்கிறது. முதலில் குடிப்பது சிவப்பை. சில மீட்டர் நீரைக் கடப்பதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். மீன் 2 மீட்டர் தள்ளி நின்றால் ஒளி நடக்கும் நீர்வழி 4 மீட்டர். எனவே பத்தாயிரம் லூமன் பிடித்தாலும் தூரத்தில் நிற்கும் செந்நிற மீன் பழுப்பாகத்தான் தெரியும். அதே மீனுக்கு ஒரு முழம் தூரத்தில், பக்கவாட்டிலிருந்து, முந்நூறு லூமன் காட்டினால் அதன் செதில் செதிலாக நிறம் எழும். நெருக்கமும் கோணமும் செய்கிற வேலையை லூமன் செய்யாது.

ஆகவே இரவு நீருக்கடியில் படமெடுப்பவர் செய்ய வேண்டிய முதல் காரியம், விளக்கைக் கேமராவிலிருந்து கழற்றுவது. கை நீளத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். முடிந்தால் கூட இறங்குபவர் கையில் கொடுத்து, பொருளின் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ காட்டச் சொல்லுங்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் நீர்த்தூண் இருட்டாகவே இருக்கும். துணுக்குகள் மிதந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் ஒளி படாத துணுக்கு படத்தில் வராது.

நீருக்கு மேலும் நிலைமை இதுதான். முழுநிலவு நாளில் நம்மேல் விழும் ஒளி சுமார் கால் லக்ஸ். ஆயிரம் லூமன் விளக்கை ஓரளவு விரிந்த கற்றையில் 2 மீட்டர் தூரத்து முகத்தில் அடித்தால் விழுவது முந்நூறு லக்ஸ் அளவில் வரும், அதாவது நிலவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். கேமரா அந்த முகத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மிச்ச உலகம் மொத்தமும் கருப்பாகிவிடும். வல்லத்தின் அணியத்தில் நிற்பவர், அவருக்குப் பின்னால் முயல்தீவு, துறைமுகத்தின் விளக்கு வரிசை, மேகத்துக்குள் போய்வரும் நிலா என்று அந்த இடத்தை அந்த இடமாக்கும் எல்லாமே அழிந்து, உப்புத்தண்ணீர் வழியும் வெளிறிய ஒரு முகம் மட்டும் மிஞ்சும். அந்தப் படத்தை ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஒரு வாளித் தண்ணீரோடு எடுத்திருக்கலாம். இரவுக் கடலுக்குப் போனதன் பயன் என்ன?

நிறத்தையும் சொல்ல வேண்டும். லூமன் எண்ணிக்கையைப் பெட்டியில் பெரிதாக அச்சடிப்பதற்காகச் செய்யப்படும் மலிவு விளக்குகள் பெரும்பாலும் நீலம் தூக்கிய வெள்ளை. நம் மக்களின் கருத்த, வெயிலேறிய மேனியில் அது விழுந்தால் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. தன் கடலைத் தானே காட்ட வந்த ஒரு சமூகத்தின் முகத்தை, அந்த முகத்துக்கு ஒவ்வாத ஒளியில் காட்டிக்கொண்டிருக்கிறோம். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்குச் சி.ஆர்.ஐ. என்றொரு அளவு உண்டு. அது 90-க்கு மேல் இருக்கிறதா, வெளிச்சம் மஞ்சள் பக்கம் சாய்கிறதா, ஒளியை ஐந்து விழுக்காடு வரை குறைக்க முடிகிறதா, குறைக்கும்போது வீடியோவில் கோடு கோடாகத் துடிக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த நான்கும் உள்ள ஐந்நூறு லூமன் விளக்கு, இவை இல்லாத ஐயாயிரத்தைவிட நல்ல படம் தரும். தண்ணீருக்கடியில் பயன்படுத்தச் செய்த சக்திவாய்ந்த விளக்குகளில் பல, சூட்டைத் தணிக்கத் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. படகில் வைத்து முழு ஒளியில் எரித்தால் சில நிமிடங்களில் தானாகவே மங்கிவிடும், இல்லையென்றால் கெட்டுப்போகும். விலைகொடுத்து வாங்கிய லூமன் வெளியே கிடைப்பதே இல்லை.

எதிர்த் தரப்பில் நியாயமான வாதங்களும் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. "எங்களிடம் இருப்பது சின்ன ஆக்‌ஷன் கேமரா. அதன் சென்சார் நகத்தளவு. இருட்டில் புள்ளி புள்ளியாகிவிடும். பெரிய கேமரா வாங்க வசதியில்லை, அதனால் விளக்கில் ஈடுகட்டுகிறோம்" என்கிறார்கள். உண்மைதான், சின்ன சென்சார் இருட்டில் திணறும். ஆனால் அதே நண்பர்கள் இரவிலும் விநாடிக்கு 60 சட்டகம் வைத்து எடுக்கிறார்கள். அதை 25 அல்லது 24 ஆக இறக்கினால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைக்கும் ஒளி இரண்டு மடங்குக்கு மேல் கூடும், காசு செலவில்லாமல். விளக்கைப் பொருளுக்குப் பாதித் தூரம் நெருக்கினால் நான்கு மடங்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர், எட்டு மடங்கு லூமன் உள்ள விளக்கை வாங்கியதற்குச் சமம்.

இன்னொரு வாதம், "இருட்டாக இருந்தால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள், போனில் ஒன்றும் தெரியாது" என்பது. இணையத்தில் ஏற்றும் வீடியோ சுருக்கப்பட்டே போகிறது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். சுருக்கும் முறைக்கு மிகக் கடினமான காட்சி எது? ஒழுங்கே இல்லாமல் ஆயிரம் புள்ளிகள் அலையும் காட்சி. பனி பெய்வதுபோல் துணுக்குகள் பறக்கும் நீரடிப் படம் போனில் சதுரம் சதுரமாக உடைந்துபோவது அதனால்தான். அமைதியான கருமைக்கு நடுவே தெளிவாக ஒளிபட்ட ஒரு நண்டு, ஒரு சிங்கி இறால், ஒரு கை என்று எடுத்தால் எந்தப் போனிலும் தெளிவாக நிற்கும்.

பார்வையாளர் இருட்டை வெறுக்கிறார் என்பதும் பொய். 2017-இல் பி.பி.சி. வெளியிட்ட 'புளூ பிளானட் 2' தொடரில், இரவுக் கடலில் மொபுலா திருக்கைகள் நீந்தும்போது அவற்றின் சிறகு பட்டு நீரே ஒளிர்வதை உலகம் பார்த்தது. மிகக் குறைந்த ஒளியில் பார்க்கும் கேமரா அதைப் பிடித்தது. ஒரு விளக்கை ஏற்றியிருந்தால் அந்தக் காட்சியே இருந்திருக்காது. நம் கடலிலும் நீர் ஒளிர்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கி மீன்களைச் சாகடித்த நொக்டிலூக்கா, மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது, இரவில் ஒளிரும் உயிரினம். அது பெருகி மண்டுவது கேடு. அளவாக இருக்கும் நாளில் துடுப்பு பட்ட இடமெல்லாம் மினுங்கும். மீன்கூட்டம் கிளப்பும் அந்த மினுக்கத்தைப் பார்த்து இருட்டில் வலை விடும் வழக்கம் நம் கரைகளில் உண்டு. பத்தாயிரம் லூமன்காரர் இதில் எதையும் பார்க்கப்போவதில்லை.

இனிப் பாதுகாப்பு. "வெளிச்சம் இருந்தால் பயமில்லை" என்பது கரையில் வேண்டுமானால் சரி. மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை ஒளிக்கற்றை அதைச் சில விநாடிகளில் கலைத்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வல்லம் ஓட்டுபவர் இரவில் எதை நம்பி ஓட்டுகிறார்? வலையின் மிதவை, அலை உடையும் இடம், நீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டான பாருக்கு மேல் நீரின் கருமை மாறுவது, எதிரே விளக்கில்லாமல் கிடக்கும் இன்னொரு வல்லத்தின் கருத்த உருவம். இவை எல்லாமே பழகிய கண்ணுக்கு மட்டும் தெரிபவை. "லைட்ட அமத்து தம்பி, முன்னால ஒண்ணும் தெரியல" என்று படகோட்டி கத்துவது எரிச்சலில் இல்லை. அந்த நிமிடம் அவர் உண்மையிலேயே குருடாகியிருக்கிறார். படகில் இருக்கும் அத்தனை பேர் உயிரும் அந்தக் கண்ணை நம்பியிருக்கிறது.

தூத்துக்குடி வெறும் மீன்பிடிக் கரையும் இல்லை. 1974-இல் பெருந்துறைமுகமான வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு இரவு பகலாகக் கப்பல் வருகிறது. கடலில் விளக்கு என்பது ஒரு மொழி. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை என்று ஒவ்வொன்றும் படகு எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்கிறது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் 20-ஆவது விதி, இந்த விளக்குகளைக் குழப்பும், மறைக்கும், அல்லது காவல் பார்ப்பவரின் பார்வையைக் கெடுக்கும் வேறு எந்த விளக்கையும் சூரியன் மறைந்த பிறகு காட்டக்கூடாது என்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, படகின் நடுவில் வெள்ளை வெள்ளமாக ஒரு விளக்கை எரித்துவிட்டு "எங்களை எல்லோரும் பார்ப்பார்கள்" என்று நிம்மதிகொள்வது ஆபத்தான அறியாமை. கப்பல் மேல்தளத்தில் நிற்பவருக்கு ஏதோ ஒரு ஒளி தெரியும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாது. அவருக்கு வேண்டியதோ அந்த ஒரு தகவல்தான்.

'நீர்புகா' என்ற முத்திரையும் ஒரு பொய்த் தைரியத்தைத் தருகிறது. ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். ஐ.பி.எக்ஸ்.8 என்றால் தயாரித்தவர் குறிப்பிடும் ஆழம்வரை, அதற்குமேல் ஒரு முழம்கூட உத்தரவாதம் இல்லை. 10 மீட்டர் இறங்கினால் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம். நம் சங்குகுளிப்பவர்கள் சாதாரணமாக அதற்கும் கீழே போகிறார்கள். மழைக்குத் தாங்கும் முகாம் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்த ஆழத்துக்கு இறங்கியவருக்கு, ஒளியை மட்டுமே நம்பி இறங்கிய இடத்தில் ஒளி போய்விடும். பாதுகாப்புக்காக எடுத்துச் செல்லும் விளக்கு தனி, படத்துக்கான விளக்கு தனி. முதலாவது சிறியது, மணிக்கட்டில் கயிறு கட்டியது, தவறினால் மிதப்பது, பேட்டரி தொடப்படாமல் இருப்பது. படத்துக்காக ஒருபோதும் அதை ஏற்றக்கூடாது. படகுக்குள் நடமாட மங்கலான சிவப்பு விளக்கு போதும், அது கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

முத்துக்குளித்த காலத்தை இங்கே சொல்வது முன்னோர் பெருமைக்காக இல்லை. தொல்லாயிரம் பார் உள்ளிட்ட பார்களுக்கு, இரவில் தரைக்காற்றைப் பிடித்து இருட்டிலேயே பாய்விரித்துப் போய்ச் சேர்ந்து, விடிந்த பிறகுதான் குளிப்பைத் தொடங்குவார்கள். நண்பகலோடு முடிப்பார்கள். 1961-ஓடு அந்தக் குளிப்பு நின்றுபோனது. அந்த வாழ்க்கை கொடுமையான உழைப்பும் சாவும் நிறைந்தது, அதைத் திரும்பக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒன்று அதில் தெளிவாக இருந்தது: இரவைப் பயணத்துக்கு வைத்துக்கொண்டார்கள், பார்க்கும் வேலையைப் பகலுக்கு விட்டார்கள். இன்று இரவுக் காட்சி என்று நமக்குக் காட்டப்படும் பலவற்றைப் பகலிலேயே எடுத்திருக்க முடியும். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தின் தொடக்கத்தில் நிலவொளியில் நீந்தும் பெண்ணைச் சுறா இழுக்கும் காட்சி, உலகையே இரவுக் கடலுக்குப் பயப்பட வைத்தது. அதை எடுத்தது பகலில்தான். இரவில்தான் எடுக்க வேண்டிய காட்சி எது என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பயணங்கள் தேவைப்படாது.

மூன்றாவது, "விளக்கால் யாருக்கு என்ன கெடுதல்?" என்ற கேள்வி. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. வான்தீவும் காசுவாரியும் காரைச்சல்லியும் தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. விலாங்குச்சல்லி நீருக்குள் மூழ்கிவிட்டது. அனுமதியில்லாமல் இந்தத் தீவுகளில் கால் வைக்கவே கூடாது. இரவில் அங்கே விளக்கடித்துத் திரிபவரைக் கடல் அட்டை திருடுபவர் என்று ரோந்துப் படகு சந்தேகித்தால் குற்றம் சொல்ல முடியாது. கடல் அட்டையும் கடற்குதிரையும் பவளமும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை.

சட்டத்தை விடுங்கள். பவளப் பாரில் இரவு என்பது உறங்கும் நேரமும் பெருகும் நேரமும். கிளிமீன்களில் சில இனங்கள் தம்மைச் சுற்றி ஒரு சளிப்போர்வையை நெய்துகொண்டு பாரின் இடுக்கில் தூங்குகின்றன. முகத்தில் ஒளி அடித்தால் திகைத்து ஓடிப் பவளத்தில் மோதும், அல்லது மயங்கி நிற்கும். அப்படி நிற்கும் மீனைக் குத்தி எடுத்து 'திகில் இரவு வேட்டை' என்று போடும் படங்கள் உலகெங்கும் ஓடுகின்றன, நம் மொழியிலும் ஓடுகின்றன. தூங்கும் மீனுக்கு விளக்கடித்துக் குத்துவதில் என்ன வீரம் இருக்கிறது? பிரான்சில் சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும்வரை நீரடியில் ஈட்டிவேட்டைக்குத் தடை, அந்த வேட்டையில் விளக்கு வைப்பதற்கும் தடை. நம்மிடம் அப்படியொரு விதி வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன்.

அக்ரோபோரா பவளங்கள் மார்ச் வாக்கில் முட்டையிடுவதைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். பவளம் அந்த நாளை நிலவின் வெளிச்சத்தை வைத்துக் குறிக்கிறது. செயற்கை வெளிச்சம் படும் பவளப்பார்களில் முட்டையிடும் நாள் முழுநிலவுக்கு ஒன்று முதல் மூன்று நாள்வரை நெருங்கி வந்துவிடுகிறது என்று 2023-இல் ஓர் உலகளாவிய ஆய்வு வெளியானது. அது நகரங்களும் துறைமுகங்களும் கொட்டும் ஒளியைப் பற்றியது, ஒரு குளிப்பாளரின் கைவிளக்கைப் பற்றியது இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "துறைமுகமே இரவு முழுக்க எரிகிறதே, என் கைவிளக்கா கடலைக் கெடுக்கப்போகிறது?" என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொள்வார்கள். துறைமுக விளக்கு வான்தீவின் பார் இடுக்குக்குள் ஒரு முழத் தூரத்தில் நுழைவதில்லை. கைவிளக்கு நுழைகிறது. பெரிய தவறு ஒன்று இருப்பது சின்ன தவறுக்கு அனுமதிச்சீட்டாகாது, இரண்டையும் கேட்கலாம்.

மணலிலும் இதே கதைதான். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் மாதங்கள் ஜனவரியிலிருந்து தொடங்கும். மணப்பாடு, பெரியதாழைப் பக்க மணலும் அவற்றுக்குத் தெரிந்த மணல்தான். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போகும். குஞ்சு, கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி நடக்கும். சென்னையில் 1988-இலிருந்து மாணவர்கள் இரவிரவாக ஆமைக்காகக் கரை நடக்கிறார்கள். அவர்கள் டார்ச்சை எவ்வளவு குறைவாக எரிக்கிறார்கள் என்று ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்கள். ஆமையைக் காண வெளிச்சம் தேவை என்று நினைப்பவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

"மீனவரே விளக்கு வைத்துத்தானே பிடிக்கிறார்?" என்பது கடைசி வாதம். வைத்தார்கள், பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து வைத்தார்கள். ஆனால் படகில் மின்னாக்கி வைத்து எல்.இ.டி. விளக்குகளைக் கொட்டி மீனை மொத்தமாக இழுக்கும் முறை வந்தபோது அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் மீனவர்கள்தான், குறிப்பாக நாட்டுப்படகுக்காரர்கள். குஞ்சும் சினையும் சேர்ந்து அள்ளப்படுகிறது என்றார்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. வெளிச்சம் மீனை என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அதற்கு அளவு வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி அளவில்லாத வெளிச்சத்துக்கு நியாயம் தேடுவது சரியில்லை.

விளக்கே கூடாது என்று நான் சொன்னதாக யாராவது எடுத்துக்கொண்டால் அது என் வாதமில்லை. ஹவாய்த் தீவின் கோனா கரையில் ஆண்டுக்கணக்காக இரவில் விளக்கு வைத்துத் திருக்கை பார்க்கிறார்கள். அங்கே விளக்கு ஓரிடத்தில் நிற்கிறது. நுண்ணுயிர்கள் ஒளியைத் தேடி வருகின்றன, அவற்றைத் தின்னப் பெரிய யானைத்திருக்கைகள் வருகின்றன. மனிதர்கள் மேலே ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள், அல்லது தரையில் அசையாமல் உட்காருகிறார்கள். யாரும் விளக்கைத் தூக்கிக்கொண்டு விலங்கைத் துரத்துவதில்லை. அந்த முறையைப் பற்றியும் அங்கேயே விவாதம் உண்டு. ஆனால் எதற்காக, எங்கே, எவ்வளவு நேரம் என்று யோசித்து ஏற்றப்பட்ட விளக்கு அது. நம் படகுகளில் எரிவதற்கு அந்த யோசனை இல்லை.

தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் உள்ள மீனவர் சங்கங்களும், வனத்துறையும், இந்தக் கரைகளில் காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் கல்லூரிகளும் உட்கார்ந்து இரவுக் கடல் படப்பிடிப்புக்கு ஒரு பக்க அளவில் விதிமுறை எழுதலாம். தூங்கும் மீனைக் குத்திக் காட்டக்கூடாது, ஆமை மாதங்களில் மணலில் வெள்ளை விளக்கு கூடாது, ஓடும் படகில் படவிளக்கு எரியக்கூடாது என்ற மூன்றை முதலில் எழுதுங்கள். மற்றவை பிறகு வரட்டும்.

தெரேஸ்புரத்திலிருந்து இன்று இரவு கேமராவோடு ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த விதிமுறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். விளக்கைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையில் எடுங்கள். கரையை விட்ட பிறகு அரை மணி நேரம் அதை ஏற்றாதீர்கள். அதற்குப் பிறகும், எப்போது ஏற்றலாம் என்று முடிவு செய்யும் உரிமையைப் படகு ஓட்டுபவரிடம் கொடுங்கள்.